நண்டு வலையில் வந்த சாமந்தி

மனு கிடைத்த மூன்று நாளுக்குள் ஒப்புகை. ஒரு மாதத்துக்குள் தீர்வு. தீர்க்க முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று மனுதாரருக்கு எழுத்தில் பதில். அரசு அலுவலகங்களுக்கு இதுதான் விதி. இந்த விதியைச் சுமந்துதான் முப்பத்து நாலு வருஷம் சம்பளம் வாங்கினேன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக வெளியே வரும்வரை என் மேஜைக்கு வந்த எந்த மனுவும் முப்பத்தோராம் நாளைப் பார்த்ததில்லை. தள்ளுபடி செய்திருக்கிறேன். பக்கத்து அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன். 'ஏற்கெனவே பதில் அனுப்பப்பட்டுள்ளது' என்று இன்னொரு பதிலும் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லாமல் மட்டும் யாரையும் விட்டதில்லை. ஆகவே, ஓய்வு பெற்ற பிறகு நானே எழுதிய முதல் மனுவுக்கும் அந்த மரியாதை கிடைக்கும் என்று நம்பினேன்.

மனு இரண்டு மீன்களைப் பற்றியது.

பணி நிறைவு நாளுக்கு ஒரு மாதம் முன்பே அலுவலகத்தில் சொல்லிவிட்டேன்: மோதிரம் வேண்டாம், சுவர்க் கடிகாரம் வேண்டாம், என் படத்தையே சட்டம் போட்டு எனக்குக் கொடுக்கவும் வேண்டாம். இவ்வளவையும் விலக்கிய பிறகு அவர்களுக்கு என்ன மிஞ்சும்? மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றும், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்களும் வந்து சேர்ந்தன. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு அரசுப் பொரிப்பகத்தில் பிறந்த மீன்கள். அங்கிருந்து ஒரு இளம் அதிகாரி கூடவே வந்து, மணல் பரப்பி, வடிகட்டி மாட்டி, விளக்கு போட்டுவிட்டுப் போனார். "கடல் தண்ணி ஊத்துங்க மேடம், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். கடல் தண்ணீருக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. இரண்டு கேன்களும் ஒரு ஆட்டோவும் போதும்.

என் கணவருக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் கப்பலின் எஞ்சின் அறையில் முப்பது வருஷம் இருந்தவர். கடல் என்றால் அவருக்கு சூடு, சத்தம், எண்ணெய் நாற்றம்.

"ஏளா, நான் கடலை விட்டு இறங்கி வந்தா, நீ கடலைத் தூக்கி வீட்டுக்குள்ள வச்சிருக்க."

"நீங்க பார்க்க வேண்டாம். முதுகைக் காட்டி உட்காருங்க."

"முதுகுக்குப் பின்னால தண்ணி சளசளங்குது. கப்பல் அடியில தண்ணி இறைக்க பில்ஜு பம்பு ஓடுத மாதிரி. உட்கார முடியலல்லா."

முதுகைக் காட்டி உட்காரவும் இல்லை. ஒரு வாரத்தில் அவருடைய நாற்காலி தொட்டிக்கு நேராகத் திரும்பியிருந்தது. நான் பார்க்காதது மாதிரி மீனுக்குத் தீனி போட்டேன். சொன்னால் திருப்பிவிடுவார்.

இந்த மீன்கள் எல்லாமே ஆணாகப் பிறக்கின்றன. சேர்ந்து வாழும் இரண்டில் எது பெரியதோ அது பெண்ணாகிவிடும். பிறகு பழைய பதவிக்குத் திரும்ப வழியில்லை. இதைப் படித்தபோது, எந்த இலாகாவிலும் இவ்வளவு நேர்மையான பதவி உயர்வைக் கண்டதில்லை என்று தோன்றியது. எங்கள் தொட்டியிலும் ஒன்று பெரியது, மற்றது அதில் பாதி. பெரியதுதான் பிரச்சினையை ஆரம்பித்தது.

வடிகட்டி தண்ணீரை உறிஞ்சும் இடத்தில் கறுப்புக் குழாய் ஒன்று, சுற்றிலும் நீளநீளக் கீறல்களோடு இருக்கும். பெரியவள் அந்தக் குழாயோடு உடம்பை ஒட்டவைத்துக்கொண்டு உரச ஆரம்பித்தாள். காலையில் உரசினாள், மத்தியானம் உரசினாள், தீனி போட்டால் வந்து நாலு வாய் தின்றுவிட்டு மறுபடியும் குழாய்க்குப் போனாள். இரண்டு வாரத்தில் வலது விலாவில் செதில் உதிர்ந்து அரிசி அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. குழாய்மேல் பஞ்சு சுற்றிப் பார்த்தேன். உடனே தண்ணீர் வெளியே கொட்டும் மூக்கில் போய் உரசினாள். அதையும் மறைத்தேன். விளக்கின் கம்பியைத் தேடிப் போனாள். அரிசி அவரைக்கொட்டை ஆயிற்று.

கடலில் கோமாளி மீன்கள் கடல் சாமந்திக்குள் குடியிருக்கும். பூவிதழ் மாதிரி இருப்பதெல்லாம் கொட்டும் விரல்கள். வேறு மீன் தொட்டால் அங்கேயே ஒட்டிக்கொண்டு இரையாகிவிடும். இவை மட்டும் உடம்பைத் தடவித் தடவிப் பழக்கிக்கொண்டு உள்ளே படுத்துக்கொள்ளும். பொரிப்பகத்தில் பிறந்தவள் சாமந்தியைக் கண்டதில்லை. ஆனாலும் அவள் உடம்பு எதையோ தேடியது. தேடி, கிடைத்ததில் எல்லாம் தேய்ந்துகொண்டிருந்தது. இப்படியே விட்டால் புண் வழியே நோய் ஏறி இறந்துபோவாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இளம் அதிகாரியைப் போனில் பிடித்தேன்.

"மேடம், இதெல்லாம் தொட்டியிலயே பொரிச்ச மீன். அதுகளுக்கு சாமந்தி தேவையே இல்ல. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? பழகிரும்."

தேவையில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட சொல் அதுதான். இவ்வளவு பெரிய வீடு இனிமேல் உங்களுக்குத் தேவையில்லை என்று சென்னையிலிருந்து மகன் சொன்னான். இரண்டு செய்தித்தாள் தேவையில்லை என்று கணவர் சொன்னார். இந்தப் படிவத்தில் நாலாம் பத்தி உங்களுக்குத் தேவையில்லை என்று வங்கியில் ஒரு பெண் சொன்னாள். நாலாம் பத்தி, மனுதாரரின் தற்போதைய பணி. நான் அதை நிரப்பித்தான் கொடுத்தேன்.

ஆகவே அந்தப் பொரிப்பக அலுவலகத்துக்கே மனு எழுதினேன். இரண்டே வினாக்கள். ஒன்று, இன்ன இனத்துக் கோமாளி மீன் இணைக்கு, நம் கடற்கரையில் நண்டு வலைகளில் தற்செயலாக ஏறிவரும் கடல் சாமந்தி பொருந்துமா? இரண்டு, அப்படி வலையில் வந்து, கரையில் வீசப்பட்ட சாமந்தியை ஒருவர் தம் வீட்டில் வைத்துப் பராமரிக்கத் தடை உண்டா? மீனின் விலாப் புண்ணை இரண்டு படங்களாக இணைத்தேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. அத்தோடு சரி.

முப்பதாம் நாள் தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். முப்பத்தோராம் நாள் நினைவூட்டு அனுப்பினேன். போனில் கேட்டபோது, "டேபிள்லதான் இருக்கு மேடம்" என்றார்கள். எந்த மேஜை என்று கேட்டேன். அதற்கு இன்னொரு மனு போட வேண்டும் போலிருந்தது.

நாற்பத்தோராம் நாள் காலை, மூடி போட்ட ஒரு வாளியை எடுத்துக்கொண்டு, நண்டுப் படகுகள் கரையேறும் திரேஸ்புரத்துக்குக் கிளம்பினேன்.

"பதில் வரட்டும்னு சொன்னியே" என்றார் கணவர்.

"வரட்டும். வந்தா வாங்கி வையுங்க."

விதியை மீறுகிறேனா என்று போகிற வழியெல்லாம் யோசித்தேன். எங்கள் கடலில் பாதுகாக்கப்பட்ட தீவுகளைச் சுற்றி ஒரு சிப்பியைக்கூடத் தொடக் கூடாது. பவளத்தையும் பவளப்பாறைத் துண்டையும் எங்கிருந்தும் எடுக்கக் கூடாது. இவற்றில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. தொட்டிக்கு அழகுக்கல் வேண்டுமா என்று பவளத் துண்டோடு வந்த ஒருவரை நானே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் நண்டு வலை விரிப்பது மணல் தரையில். அதில் சாமந்தியும் சிக்கி வரும். யாரும் அதைத் தேடிப் போவதில்லை, யாருக்கும் அது வேண்டாம். நண்டைக் கழற்றும்போது பிய்த்து மணலில் வீசுவார்கள், பத்து மணி வெயிலில் அது தோலாகிவிடும். சாகப்போவதை எடுக்க அனுமதி வேண்டுமா என்று நான் கேட்டாயிற்று. கேட்ட இடத்தில் மௌனம். மௌனத்துக்கு என்ன பொருள் என்று எந்த விதியும் சொல்லவில்லை என்பதால், பொருளை நானே எடுத்துக்கொண்டேன்.

படகுகள் ஏறி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நாலைந்து பெண்கள் வலையை விரித்து உட்கார்ந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். விரல்களில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றியிருந்தார்கள். எனக்கு நேர் எதிரே இருந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். நண்டின் ஒவ்வொரு காலாகக் கண்ணிக்கு வெளியே எடுக்கும் வேகத்தை நான் தட்டச்சுப் பிரிவில்கூடப் பார்த்ததில்லை. அவள் காலடியில் மூன்று சாமந்திகள் பிய்ந்து கிடந்தன.

"அம்மா, இதுல ஒண்ணு பிய்யாம வேணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்குக்கா? மருந்துக்கா?"

"வீட்டுல மீன் வளர்க்கேன். அதுக்கு."

"மீனுக்குத் தீனியா?"

"இல்ல. மீன் இதுக்குள்ள குடியிருக்கும்."

அவள் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினாள். "கேட்டியாளா? இந்த யக்கா மீனுக்கு வீடு கட்டிக் குடுக்காவ." பிறகு என்னிடம், "யக்கா, இது கையில ஒட்டுனாலே ரெண்டு நாளைக்கு அரிக்கும். உங்க மீனைத் தின்னுரும்லா" என்றாள்.

"தின்னா என் மீனு, போகட்டும். அடிப்பக்கம் கிழியாம ஒண்ணு எடுத்துக் கொடு."

"அவசரத்துல இருக்கோம். நாங்க பிய்ச்சித்தான் எடுப்போம்."

"நான் உட்கார்ந்திருக்கேன்."

உட்கார்ந்தேன். மணலில், கஞ்சி போட்ட பருத்திச் சேலையோடு. முக்கால் மணி நேரம் கழித்து, வலையின் கடைசி மடிப்பில், ஒரு சங்கின் மேல் பாதம் பதித்த சாமந்தி ஒன்று வந்தது. நாலு கண்ணிகள் அதன் உடம்புக்குள் புதைந்திருந்தன. இழுத்தால் கிழியும். அவள் என்னைப் பார்த்தாள், வலையைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து பிளேடை எடுத்து நாலு கண்ணிகளையும் அறுத்தாள்.

"வலைக்காரன் ஏசுவான். நண்டு கடிச்சதுன்னு சொல்லிக்கிடுதேன்" என்றாள். "நாலு கண்ணியவா நண்டு கடிச்சதுன்னு கேப்பான். பெரிய நண்டும்பேன்."

வாளியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஓட்டுநர் மீனா என்று கேட்டார். இல்லை என்றேன். பூவா என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

தொட்டி மணலில் குழி பறித்து, சங்கோடு அதை இறக்கினேன். முதல் நாள் சுருங்கிய கையுறை மாதிரி கிடந்தது. மூன்றாம் நாள் விரிந்தது. பச்சையும் பழுப்புமாக, குட்டை விரல்கள் நெருங்கிய ஒரு கம்பளம். கிட்டத்தட்ட சாப்பாட்டுத் தட்டு அளவு. கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"தட்டு போட்டாச்சு. சாப்பாடு ரெண்டும் மேல சுத்துது."

அவர் விளையாட்டுக்குச் சொன்னது விளையாட்டில்லை. அதற்குள் நான் நிறையப் படித்திருந்தேன். மணலில் வாழும் இந்தக் கம்பளச் சாமந்தியில் குடியிருப்பது நம் கடலின் கறுத்த கோமாளி மீன். அதற்கு மஞ்சள் வால். எங்கள் ஆரஞ்சு இணையின் சொந்தக்காரர்கள் அந்தமான் பக்கம். அவர்கள் கடலில் தேர்ந்தெடுக்கும் சாமந்திகள் வேறு. கம்பளம் மீனைப் பிடித்துத் தின்பதில் பேர்போனது. வேறு ஜில்லாவில் பிறந்த ஊழியரை இங்கே மாற்றல் செய்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள், பாதிப் பேர் மருத்துவ விடுப்பில் போவார்கள். இங்கே விடுப்பு கிடையாது. ஆகவே, காய்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து சாமந்தியை மூடினேன். இரண்டு தரப்பும் ஓட்டை வழியே ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளட்டும்.

பெரியவள் கூடையை இரண்டு முறை சுற்றி வந்தாள். பிறகு குழாய்க்குப் போய் உரசினாள்.

பத்து நாளில் நிலைமை மோசமாயிற்று. சாமந்தி விரிவதை நிறுத்தியது. ஓரம் சுருண்டது, நடுவில் வாய் பிளந்து கிடந்தது. இறால் துண்டு கொடுத்தால் வாங்கவில்லை. பெரியவளின் புண் இப்போது பெருவிரல் நகத்தளவு. பொரிப்பக அதிகாரிக்கு போன் செய்தேன்.

"நான்தான் சொன்னேன்ல மேடம். பொருந்தாது."

"எழுத்துல சொல்லுங்க."

"அது டேபிள்ல இருக்கு."

கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அவர் குரலைத் தாழ்த்தினால் அது அக்கறை என்று பொருள். "ஏளா, அதைக் கொண்டுபோய் கடல்ல விட்டுருவோம். உயிரு இருக்கும்போதே விட்டாத்தான் உண்டு. மீனையும் அவங்ககிட்டயே குடுத்துரு. தோத்துப்போனதுல ஒண்ணும் இல்ல."

"யார் தோத்தது? நான் இன்னும் பதிலே வாங்கலை."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று மத்தியானம் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சாமந்தி அழுகினால் தொட்டியே நஞ்சாகும். இன்னும் இரண்டு நாள் பார்ப்பது, பிறகு கடலுக்குக் கொண்டுபோவது என்று எனக்குள் ஒரு கெடு வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாடி வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்தார். உப்பளத்தில் மேற்பார்வையாளர். என் கணவரை அண்ணாச்சி என்பார், என்னை மதினி என்பார். ஏணியைத் தோளில் வைத்தவர் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றார். கண்ணாடியின் மேல் விளிம்பில் வெள்ளையாக ஒரு படிவு ஓடியிருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தார். பிறகு அதே விரலைத் தொட்டிக்குள் விட்டு மறுபடி நாக்கில் வைத்தார்.

"மதினி, இது என்ன தண்ணி?"

"கடல் தண்ணி."

"எந்தக் கடலு?"

ஏணியை இறக்கி வைத்துவிட்டு மாடிக்குப் போனார். உப்பளத்தில் தண்ணீரின் பதம் பார்க்கும் கண்ணாடிக் குழலோடு வந்தார். ஒரு உயரமான டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து அதில் மிதக்கவிட்டார். குனிந்து பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"கடல் தண்ணி மூணரை டிகிரி மதினி. இது நாலரை. அண்ணாச்சி, ரகசியமா அளம் போட்டுருக்கியளே? இப்படியே போனா தீபாவளிக்கு உப்பு வாரிரலாம்."

ஆடிக் காற்று. ஜன்னலைத் திறந்தால் துணி காயும் முன் தோல் காய்கிற காற்று. தொட்டியில் தினமும் ஒரு விரற்கடை தண்ணீர் குறைந்தது. குறைந்ததைக் கணவர் தினமும் காலையில் கேனிலிருந்து கடல் தண்ணீர் ஊற்றி நிரப்பினார். தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. போகாத உப்பின்மேல் தினமும் புது உப்பு. இந்த ஊரின் பிழைப்பே இந்த ஒரு வரிதான். பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைக்கும் இங்கே அது தெரியும். அந்த ஊரில் பிறந்து, முதுகலைப் பட்டமும் வாங்கிய நான், வீட்டுக்குள் ஒரு பாத்தி கட்டி அதில் இரண்டு மீனையும் ஒரு சாமந்தியையும் காயப் போட்டிருந்தேன்.

"நீங்க ஏன் கடல் தண்ணியை ஊத்துனீங்க?" என்று கணவரிடம் பாய்ந்தேன்.

அவர் தொட்டியின் பக்கவாட்டைச் சுட்டிக் காட்டினார். அங்கே என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'தொட்டியில் குறையும் நீர், தினசரி காலை எட்டு மணிக்குள், கடல் நீர் கொண்டு மட்டுமே நிரப்பப்பட வேண்டும்.' 'மட்டுமே'யின் கீழ் இரண்டு கோடுகள்.

"ஒருநாளும் மீறலை. எட்டு மணிகூடத் தாண்டலை" என்றார்.

மாடி வீட்டுக்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படியேறும்போதும் சிரிக்கும் சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் எத்தனையோ தவறான உத்தரவுகளைக் கீழே உள்ளவர்கள் சத்தமில்லாமல் கிடப்பில் போட்டு ஊரைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று அன்றுதான் தோன்றியது. அந்தச் சாமர்த்தியம் என் கணவருக்கு இல்லை. சீட்டைக் கிழித்தேன்.

நல்ல தண்ணீரை மொத்தமாக ஊற்றி உப்பைக் குறைத்தால் அந்த அதிர்ச்சியிலேயே எல்லாம் செத்துவிடும். துளித்துளியாகத்தான் இறக்க வேண்டும். மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் வாங்கி வந்தேன். குடிதண்ணீர் கேனை அலமாரியின் மேல் வைத்து, குழாயைத் தொட்டிக்குள் விட்டோம். மேலேயிருந்து சொட்டச் சொட்ட, கீழேயிருந்து அதே அளவு உப்புத் தண்ணீரை எடுத்துக் கொட்டினோம். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துத் துளிகளை எண்ணினார். எஞ்சின் அறையில் காவல் இருப்பவரின் முகம் அது. "நிமிஷத்துக்கு நாப்பது. கூட விடாத" என்று எனக்கு உத்தரவு போட்டார். நான் கீழ்ப்படிந்தேன். மாடி வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் குழலை மிதக்கவிட்டுப் பார்த்துச் சொன்னார். நாலேகால். நாலு. ஆறாம் நாள், மூன்றரை.

எட்டாம் நாள் சாமந்தி விரிந்தது. இறால் துண்டை விரல்கள் மடித்து உள்ளே வாங்கின.

இனி கூடையை எடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து, அதை எடுத்தேன். பெரியவள் குழாயை விட்டு வந்தாள். முதலில் வாலால் தொட்டாள். துள்ளிப் பின்வாங்கினாள். மறுபடி வந்து அடிவயிற்றின் நுனியைக் கொடுத்தாள். மறுபடி துள்ளல். அரை மணி நேரம் இப்படியே. பிறகு, எதற்கோ துணிந்தவள்போல, பக்கவாட்டில் படுத்து முழு விலாவையும் கம்பளத்தில் வைத்தாள். புண் இருந்த விலா.

ஒட்டிக்கொண்டது. அவள் இழுத்தாள், வரவில்லை. கம்பளத்தின் ஓரம் மெல்ல மேலே மடிய ஆரம்பித்தது. இரையை மடிக்கிற அதே மடிப்பு.

"ஏளா! கூடையைப் போடு! கையை விட்டு இழு!" கணவர் எழுந்துவிட்டார்.

கூடை என் கையில்தான் இருந்தது. தண்ணீருக்குள் பாதி இறக்கியும்விட்டேன். இழுத்தால் புண்ணில் மிச்சமிருந்த தோலும் அதோடு போகும். பிறகு அவள் மறுபடி குழாய்க்குத்தான் போவாள், அங்கே தேய்ந்து சாவாள். அவளை அதற்குத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கையை அசைக்காமல் பிடித்தேன். "போடுளா!" என்று அவர் மறுபடி கத்தினார். போடவில்லை. அவள் உடம்பை ஒரு முறுக்கு முறுக்கினாள். பிய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். தண்ணீரின் மேல்மட்டத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். எனக்கும் கணவருக்கும் அதே மூச்சு.

பிறகு திரும்பிப் போனாள். யாரும் அனுப்பவில்லை. அதே இடத்தில், அதே விலாவை வைத்தாள். இந்த முறை ஒட்டுவது குறைவாக இருந்தது. மாலைக்குள் அவள் விரல்களுக்கு நடுவே புரண்டுகொண்டிருந்தாள். மறுநாள் கழுத்துவரை புதைந்து எங்களைப் பார்த்தாள். குழாய்ப் பக்கம் அவள் அதன்பின் போகவில்லை. சின்னவன் இரண்டு நாள் தள்ளி நின்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ஓரமாக ஒரு இடம் பிடித்தான். மேலதிகாரி உட்கார்ந்த பிறகு உட்காரும் பழக்கம்.

திரேஸ்புரத்துப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று போனேன். "தின்னுருச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்று போனில் படத்தைக் காட்டினேன். டியூப் சுற்றிய விரலால் படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"ஏ ஆத்தா. பாயில படுத்த மாதிரில்லா படுத்துருக்கு." நான் வாங்கிப்போன அன்றிலிருந்து, சாமந்தி பிய்யாமல் வந்தால் வாளியில் போட்டு, படகு மறுபடி போகும்போது கடலுக்கே அனுப்புகிறாளாம். எல்லாவற்றையும் அல்ல, கை ஒழிந்திருந்தால் மட்டும். அதையும் அவள்தான் சொன்னாள், நான் கேட்கவில்லை.

இரண்டாம் நினைவூட்டு அனுப்பினேன். மூன்றாம் நினைவூட்டும் அனுப்பினேன். சாமந்தியை வைத்தாயிற்று, மீன் குடியேறியாயிற்று என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. மனுவுக்கு வெளியே உள்ள விவரத்தை மனுதாரர் தரக் கூடாது என்றில்லை. எனக்கு அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டியிருந்தது. அது என் உரிமை, அதை மீன் பிழைத்துவிட்டது என்பதற்காக விட்டுக்கொடுப்பதாக இல்லை. மார்கழியில் பெரியவளின் விலாவில் செதில் மூடியது. தை கடைசியில், சாமந்தியின் பாதத்துக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த ஓட்டுத் துண்டின்மேல் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள். சின்னவன் பகலெல்லாம் துடுப்பால் விசிறினான். கையைக் கிட்டே கொண்டுபோனால் பெரியவள் வந்து கடித்தாள். கணவர் ஒருமுறை கடி வாங்கி, விரலை எனக்குக் காட்டினார். பெருமையாக.

கடிதம் அதற்கு மறுவாரம் வந்தது. பழுப்பு உறை. தொட்டிக்கு முன்னால் நின்று உரக்கப் படித்தேன். 'தங்களின் மனு கவனமுடன் பரிசீலிக்கப்பட்டது. வினா ஒன்று: தாங்கள் குறிப்பிட்டுள்ள இன மீன்களும், இக்கடற்கரையில் மணற்பாங்கான பகுதியில் காணப்படும் கடல் சாமந்தியும் ஒன்றோடொன்று பொருந்துபவை அல்ல. மேலும் பொரிப்பக மீன்களுக்கு கடல் சாமந்தி தேவையில்லை. எனவே இணைக்கப் பரிந்துரைக்க இயலாது. வினா இரண்டு: மேற்கண்ட பதிலை முன்னிட்டு இவ்வினா எழவில்லை. மனு முடிவு செய்யப்படுகிறது.'

கணவர் தொட்டியைப் பார்த்தார். பெரியவள் கம்பளத்தில் புதைந்து, முட்டையை நோக்கி வந்த ஒரு காற்றுக்குமிழியை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"அதுகளுக்கு ஒரு நகல் குடுத்துரு. கையெழுத்து வாங்கிக்கோ" என்றார்.

கடிதத்தில் பிழை ஒன்றும் இல்லை. எண் சரி, பார்வை சரி, கையொப்பம் இருக்கிறது. வந்து சேர்ந்த நாளை மட்டும் பேனா எடுத்து மேல் மூலையில் நானே எழுதினேன். பிப்ரவரி பதினேழு, செவ்வாய்க்கிழமை.